"சார், நான் வாசிக்கலை, வேற ஆளைக் கேளுங்க": வருமானமா, ஆண்-பெண் வித்தியாசமா, பிள்ளை தன்னைப் பற்றி நினைப்பதா?

கரும்பலகை எழுதியது:

ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். அரசுப் பள்ளி, மணிக்கு ஒரு பஸ் வரும் ஊர். வகுப்பில் 38 பேர், அதில் 21 பையன்கள். துணைப்பாடக் கதையை ஆளுக்கு ஒரு பத்தியாக வாசிக்கச் சொல்வது என் வழக்கம். போன வாரம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனுக்கு முறை வந்தது. எழுந்தான், புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. "சார், நான் வாசிக்கலை, வேற ஆளைக் கேளுங்க" என்றான். திமிராகச் சொல்லியிருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பவன் மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான், அதுதான் உறுத்துகிறது.

அவனுக்கு எழுத்தே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் யாரோ கொண்டுவந்த பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை மூன்று பேருக்கு அவன் வாசித்துக் காட்டியதை நானே பார்த்தேன். கொஞ்சம் தடுக்கி, ஆனால் வாசித்தான். வகுப்பறைக்குள் வந்தால் மட்டும் அவன் வாசிக்கத் தெரியாதவன்.

பி.எட். படிக்கும்போது 'தற்கருத்து' என்று ஒரு பாடம் வந்தது. தன்னால் எது முடியும், எது முடியாது என்று ஒரு பிள்ளை தனக்குத்தானே வைத்திருக்கும் கணக்கு. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதிவிட்டு மறந்துபோனேன். இப்போது கேட்கிறேன்: வளர்ந்த பிள்ளைகளின் வாசிப்பு அடைவைத் தீர்மானிப்பதில் எது பெரியது? வீட்டு வருமானமா, ஆணா பெண்ணா என்பதா, இந்தத் தற்கருத்தா? ஸ்டாஃப் ரூமில் கேட்டால் "எல்லாம் வீட்டுச் சூழல் சார்" என்று டீயோடு சேர்த்து முடித்துவிடுகிறார்கள்.

தராசுமுள் எழுதியது:

வாத்தியார் சார், என் எம்.பில். இதைச் சுற்றித்தான். அதனால் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கே ஒரு தரவு இருக்கிறது, யாரும் அதிகம் பேசுவதில்லை. பீசா (பீட்சா இல்லை) என்று 15 வயதுப் பிள்ளைகளுக்கான சர்வதேசத் தேர்வு. அதன் 2009 சுற்றின் நீட்சியில் இந்தியாவிலிருந்து இரண்டே மாநிலங்கள் எழுதின, தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும். முடிவு 2011 டிசம்பரில் வந்தது. வாசிப்பில் வளர்ந்த நாடுகளின் சராசரி 493, தமிழ்நாடு 337, இமாச்சலம் 317. அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான அடிப்படை வாசிப்பு நிலையை எட்டியவர்கள் வளர்ந்த நாடுகளில் 100-க்கு 81 பேர், தமிழ்நாட்டில் 17 பேர். அத்தோடு இந்தியா அந்தத் தேர்வுப் பக்கம் திரும்பவில்லை. கேள்விகள் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதவை என்று காரணம் சொன்னார்கள், அதில் ஓரளவு நியாயம் உண்டு.

அந்தச் சுற்றில் எழுதிய ஒவ்வொரு நாட்டிலும் வாசிப்பில் பெண்பிள்ளைகள்தான் முன்னால். வளர்ந்த நாடுகளில் சராசரியாக 39 புள்ளி வித்தியாசம். 2022 சுற்றில் அது 24 ஆகக் குறைந்திருக்கிறது, ஆனாலும் பெண்கள்தான் மேலே. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வித்தியாசமே இல்லை.

நம் நாட்டுக் கணக்கு வேண்டுமென்றால், கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை அளக்கிற ஏசர் அறிக்கை, 2023. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்து அவரவர் மொழியில் வாசிக்கச் சொன்னார்கள். பெண்களில் 76 சதவீதம் வாசித்தார்கள், ஆண்களில் 70.9. அதே ஆட்கள்தான், கணக்கிலும் ஆங்கில வாசிப்பிலும் ஆண்கள் முன்னால் போய்விட்டார்கள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

உப்புக்காற்று எழுதியது:

தராசு, புள்ளிவிவரம் சரி. ஆனால் தற்கருத்து, மதிப்பீடு என்று பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. வருஷத்தில் ஆறு மாதம் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிற பிள்ளை, திரும்பி வந்து உட்காரும்போது பாடம் பாதி ஓடியிருக்கும். அவனால் வாசிக்க முடியவில்லை. 'எனக்கு வாசிக்க வராது' என்று அவன் நினைக்கிறான். இதில் என்ன உளவியல் வேண்டிக்கிடக்கிறது? உள்ளதைத்தானே நினைக்கிறான்! காய்ச்சல் அடிக்கிறவன் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னால், அப்படி நினைப்பதால்தான் காய்ச்சல் வந்தது என்பீர்களா?

என் அம்மா தீப்பெட்டி ஒட்டினார். நாங்கள் நாலு பேர், ஒரே அறை, ஒரே பல்பு. அதையும் ஒன்பது மணிக்கு அணைத்துவிடுவார்கள். வருமானம்தான் காரணம், மற்றதெல்லாம் அதன் நிழல்.

அடுக்களைஜன்னல் எழுதியது:

உப்புக்காற்று அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். நாங்கள் இரண்டு பேரும் சம்பாதிக்கிறோம், சென்னையில் சொந்த ஃப்ளாட், அலமாரி நிறையப் புத்தகம், ஜனவரி ஆனால் புத்தகக் காட்சிக்கு ஒரு பை எடுத்துக்கொண்டு போகிறவர்கள். மகள் எட்டு வரை வகுப்பில் முதல் ஆள். ஒன்பதில் நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் பொறுக்கி ஒரு செக்‌ஷனில் போட்டார்கள். மூன்றே மாதத்தில் "எனக்கு இங்கிலீஷும் வரல, தமிழும் வரல, நான் டம்மி" என்கிறாள். மதிப்பெண் பெரிதாகக் குறையவில்லை, 92 இருந்தது 88 ஆனது. ஆனால் வாரத்துக்கு ஒரு நாவல் முடித்தவள் புத்தகத்தைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். வருமானம் மட்டும்தான் காரணம் என்றால் இது எப்படி?

தராசுமுள் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னதற்குப் பேரே உண்டு, சின்னக் குளத்துப் பெரிய மீன். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980-களில் இருந்து இதை எழுதிவருகிறார். ஒரே திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியைச் சுமாரான வகுப்பிலும் இன்னொருத்தியைக் கெட்டிக்காரர்கள் வகுப்பிலும் போட்டால், இரண்டாமவளின் தற்கருத்து விழும். தன்னை எடைபோடப் பிள்ளைக்குக் கையில் இருக்கிற ஒரே படிக்கல் பக்கத்து பெஞ்சுதான்.

இன்னொன்றும் சொன்னார், 1986-இல். பிள்ளை பக்கத்து பெஞ்சோடு மட்டுமல்ல, தனக்குள்ளேயும் ஒப்பிடுகிறது. என் கணக்கு எப்படி, என் மொழிப்பாடம் எப்படி என்று. கணக்கில் 80, தமிழில் 65 வாங்குகிறவன் "நமக்குத் தமிழ் ஆகாது" என்று முடிவுகட்டிவிடுவான். வகுப்பின் தமிழ்ச் சராசரி 55-ஆகவே இருக்கட்டும், அது அவன் கண்ணில் படாது.

உப்புக்காற்று, காய்ச்சல் உதாரணம் நன்றாக இருக்கிறது. பாதி ஒத்துக்கொள்கிறேன். திறமைதான் முதலில் வருகிறது, தற்கருத்து அதன் விளைவு என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. சின்ன வகுப்புகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் பதின்ம வயதில் அம்பு இரண்டு பக்கமும் பாய ஆரம்பிக்கிறது. வராது என்று நினைப்பவன் வாசிக்க மாட்டான், வாசிக்காதவனுக்கு வராது. காய்ச்சல் அப்படி இல்லையே? இதன் வாசிப்புப் பக்கத்தைத்தான் கீத் ஸ்டானோவிச் என்ற உளவியலாளர் 1986-இல் பைபிள் வசனத்தை வைத்து 'மத்தேயு விளைவு' என்றார். உள்ளவனுக்குக் கொடுக்கப்படும், இல்லாதவனிடம் உள்ளதும் பறிக்கப்படும்.

அப்புறம் வருமானம். இந்தத் தேர்வுகளில் பிள்ளையிடம் "உங்கப்பா சம்பளம் எவ்வளவு" என்று கேட்பதில்லை, கேட்டாலும் தெரியாது. அப்பா அம்மா என்ன படித்தார்கள், என்ன வேலை, வீட்டில் படிக்க மேசை உண்டா, எத்தனை டிவி, எத்தனை புத்தகம் என்று கேட்டு ஒரு குறியீடு போடுகிறார்கள். 2006-லிருந்து அரசே கலர் டிவி கொடுத்த ஊரில் டிவியை எண்ணி வசதியை அளந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் :) என் வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில்) இந்தக் கேள்வி வந்தது, நான் முழித்தேன்.

புத்தக எண்ணிக்கை மட்டும் நன்றாகவே வேலை செய்கிறது. 27 நாடுகளின் தரவை வைத்து 2010-இல் ஒரு ஆய்வு வந்தது. பெற்றோரின் படிப்பு, வேலை எல்லாவற்றையும் கழித்த பிறகும், 500 புத்தகம் உள்ள வீட்டுப் பிள்ளை புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளையைவிட மூன்று ஆண்டுக்கு மேல் கூடுதலாகப் படிக்கிறது.

உப்புக்காற்று எழுதியது:

500 புத்தகமா! எங்கள் வீட்டில் அதை அடுக்கினால் நாங்கள் வெளியே படுக்க வேண்டியதுதான்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இந்த இழைக்காக லாகின் செய்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு. எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

வாத்தியார் சொன்ன பையன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், இருபது வருஷம் முந்தி. எட்டாவதில் ஒரு தேர்வு வைத்து எங்களில் ஒன்பது பேரைப் பிரித்து ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தார்கள். 'மெல்லக் கற்போர்' என்று பேர். ஒன்பதும் பையன்கள். கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கத்தான் பிரித்தார்கள், நல்ல எண்ணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு சாயங்காலமே எங்களுக்கு 'மெல்லு குரூப்' என்று பேர் வந்துவிட்டது. பத்தாவது முடிக்கும் வரை போகவில்லை.

இதில் ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. அந்தப் பேர் வசதியாக இருந்தது! வாசிக்கச் சொல்ல மாட்டார்கள், திட்ட மாட்டார்கள், எதிர்பார்க்கவும் மாட்டார்கள். எழுந்து நின்று 'கு...குறி...குறிஞ்சி' என்று எழுத்துக் கூட்டிப் படித்து, பெண் பிள்ளைகள் வரிசையில் யாராவது சிரித்து, அதற்குப் பதில் "நான் வாசிக்கலை சார்" என்பது எவ்வளவோ மேல். வாசிக்கத் தெரியாதவன் என்பதைவிட வாசிக்க மாட்டேன் என்கிறவன் கொஞ்சம் கெத்து. பையன்களுக்கு அது ஓடும். ஒரு பெண் பிள்ளை அப்படிச் சொல்லிவிட்டு உட்கார முடியுமா என்று தெரியவில்லை.

உப்புக்காற்று அண்ணன் சொன்னதும் சரி, தராசு தம்பி சொன்னதும் சரி. எங்கள் வீட்டிலும் காசு இல்லை. ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருத்தன் மளிகைக் கடைக்காரர் மகன், வசதியானவன். அவனும் எங்களோடுதான் உட்கார்ந்தான். அவன் அப்பா டியூஷன் வைத்தார், ஒரே வருஷத்தில் ஜன்னல் ஓரத்திலிருந்து எழுந்து போனான். காசு எங்கே வேலை செய்கிறது பாருங்கள். விழுவதைத் தடுக்கவில்லை, தூக்கிவிட்டது.

தராசுமுள் எழுதியது:

அண்ணா, கடைசி வரியை என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும். இரண்டு வருடம் பட்டியல் பட்டியலாக எண் போட்டு நான் சொல்ல முயன்றது அதுதான்.

பையன்களின் 'கெத்து' பற்றி: பிரான்சில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள், 2016-இல் வெளியானது. ஒரே தாள். பாதிப் பேரிடம் இது வாசிப்புத் தேர்வு என்றார்கள், பாதிப் பேரிடம் இது ஒரு விளையாட்டு என்றார்கள். தேர்வு என்றபோது பையன்கள் பெண்களைவிடக் குறைவாக எடுத்தார்கள். விளையாட்டு என்றபோது பையன்கள் முந்திவிட்டார்கள். சின்ன ஆய்வுதான், அதுவும் சின்னப் பிள்ளைகள், அதனால் ரொம்ப நீட்டக்கூடாது. ஆனால் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை வாசித்த அந்தப் பையனைப் பற்றிப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது. ஜெர்மனியிலும் பார்த்திருக்கிறார்கள், 'வாசிப்பு பெண்களுக்கானது' என்று நம்புகிற ஆசிரியரின் வகுப்பில் பையன்களின் வாசிப்புத் தற்கருத்து குறைகிறது.

வாசல்படி எழுதியது:

எல்லோரும் பையன்களுக்காகவே அழுகிறீர்கள், இருக்கட்டும். முன்னால் இருக்கிற பெண்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை.

நாங்கள் ஏன் வாசிப்பில் முன்னால்? பள்ளிவிட்டு வந்தால் பையன் மைதானத்துக்குப் போவான், எனக்கு வாசல்படியைத் தாண்டவே காரணம் சொல்ல வேண்டும். தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு போட்டு, மிச்சம் இருக்கிற நேரத்தில் பொட்டலம் கட்டி வந்த பேப்பரைக்கூட விடாமல் வாசித்தேன். போன் என் கையில் இல்லை. தராசு சொன்ன அதே ஏசர் அறிக்கையில் இதுவும் இருக்கிறது, ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 சதவீதம் பேருக்குச் சொந்தப் போன், பெண்களில் 19.8. காலை வழிபாட்டில் குறள் சொல்ல, செய்தி வாசிக்க எப்போதும் பெண் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள். தினமும் மைக் முன்னால் நின்று வாசித்தால் யாருக்குத்தான் 'எனக்கு வாசிக்க வரும்' என்ற நினைப்பு வராது? பையன்களை மைக் கட்டவும் பெஞ்சு தூக்கவும் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு அது வரும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் எங்களுக்கு இதன் மறுபக்கம் உண்டு. பத்தாவதில் எனக்குத் தமிழ் 97, கணக்கு 89. "உனக்குத் தமிழ்தான் நல்லா வருது" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன், கணக்கில்லாத குரூப் எடுத்தேன். கணக்கில் 81 வாங்கிய என் மாமா பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தான், ஏனென்றால் அவனுக்குத் தமிழ் 60. அவன் தனக்குக் கணக்குதான் வரும் என்று நினைத்தான்! இப்போது அவன் சம்பளம் என் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு.

தராசுமுள் எழுதியது:

அக்கா, மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்குத்தான். 2019-இல் பிரெடா, நாப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பீசா தரவை வைத்து இதையே காட்டினார்கள். கணிதம் சார்ந்த படிப்புகளுக்குப் பெண்கள் குறைவாகப் போவதற்குக் கணக்கில் அவர்கள் பின்தங்கியிருப்பது பெரிய காரணமில்லை, வாசிப்பில் அவர்கள் அதிகம் முன்னால் இருப்பதுதான் பெரும்பகுதியை விளக்குகிறது. உங்கள் 97-ம் 89-ம் அப்படியே அந்தக் கட்டுரை.

உப்புக்காற்று எழுதியது:

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். நிழல் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், கடைசிபெஞ்ச் தம்பிக்காக. ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு எந்த அதிகாரியாவது 'உன்னால் முடியும்' என்று சுவரில் எழுதி வைத்தால் போதும் என்று கிளம்பிவிடக் கூடாது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு சுமார் 50,000 பேர் வரவே இல்லையே, ஞாபகம் இருக்கிறதா? அது வெறும் தன்னம்பிக்கைக் குறைவா? பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பான்.

தராசுமுள் எழுதியது:

நூற்றுக்கு நூறு. வெறுமனே பாராட்டினால் தற்கருத்து ஏறலாம், வாசிப்பு ஏறாது. நாலு வாரத்தில் பிள்ளைக்கே தெரிந்துவிடும், சார் சும்மா சொல்கிறார் என்று. அப்போது முன்பைவிட மோசம். வாசிக்கக் கற்றுக்கொடுத்து, வாசித்துவிட்டோம் என்று அவன் கண்ணாலேயே பார்க்க வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து போக வேண்டும்.

அடுக்களைஜன்னல் எழுதியது:

எப்படி என்று சொல்லுங்களேன். பத்தாம் வகுப்பு 2024 முடிவில் பெண்கள் 94.53, பையன்கள் 88.58 சதவீதம் பாஸ் என்று வருஷாவருஷம் ஒரே தலைப்புச் செய்தி போடுகிறார்கள், அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை. வாத்தியார் சார் எங்கே காணோம்?

கரும்பலகை எழுதியது:

இருக்கிறேன் மேடம். இரண்டு வாரம் இதையெல்லாம் படித்துவிட்டுச் சிலதைச் செய்து பார்த்தேன், அதனால்தான் தாமதம்.

முதலில் சுற்றி வாசிக்கச் சொல்வதை நிறுத்தினேன். பதினைந்து வருடப் பழக்கம், கை நடுங்கியது என்று சொல்ல வேண்டும். இப்போது இரண்டு இரண்டு பேராக மெல்லிய குரலில் வாசிக்கிறார்கள், வகுப்பே சந்தை மாதிரி இரைகிறது. தலைமையாசிரியர் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்தது, கல்வித் துறையிலிருந்து வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிநிலை. உண்மையில் நல்ல புத்தகங்கள், சின்னதாக, படத்தோடு. ஒன்பதாம் வகுப்புப் பையன் கையில் 'நுழை' என்று போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் கடைசிபெஞ்ச் சொன்ன ஜன்னல் ஓரம்தான் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கலந்து கொட்டிவிட்டு, "ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்ட ஆள் வேண்டும், யார் வருகிறீர்கள், பையன்கள்தான் வேண்டும்" என்றேன். சின்னப் பிள்ளைகளுக்கு என்பதால் சின்னப் புத்தகம் எடுப்பதில் யாருக்கும் வெட்கம் இல்லை. வாசல்படி மேடம், இனி வாரத்தில் மூன்று நாள் வழிபாட்டுச் செய்தி பையன்கள் வாசிப்பார்கள். பெஞ்சு தூக்கும் வேலையில் பெண்களுக்கும் பங்கு கொடுத்தேன், அவர்கள் ஒன்றும் சந்தோஷப்படவில்லை.

அந்தப் பையன் முதல் நாள் கை தூக்கவில்லை. மூன்றாம் நாள் நண்பனுக்குத் துணையாகப் போனான், படத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றானாம். நேற்று ஒரு குரங்குக் கதையைப் பாதி வரை வாசித்திருக்கிறான், நடுவில் தடுக்கியதும் ஒரு ஆறாம் வகுப்புச் சிறுமி அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். யாரும் சிரிக்கவில்லையாம். என் வகுப்பில் இன்னும் எழுந்து வாசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உப்புக்காற்று, உங்களுக்கு ஒரு தகவல். அவன் சனி ஞாயிறு கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போகிறான், ஒரு நாளைக்கு 400 ரூபாய். திங்கட்கிழமை முதல் பீரியடில் தூங்குவது அதனால்தான் என்று எனக்கு இவ்வளவு நாள் தெரியவில்லை. திங்கள் முதல் பீரியடை மாற்ற முடியுமா என்று டைம்டேபிள் போடுகிறவரிடம் கேட்டிருக்கிறேன்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

குரங்குக் கதை மிச்சம் பாதி என்ன ஆச்சு சார்?

கரும்பலகை எழுதியது:

பெல் அடித்துவிட்டதாம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டான், தம்பிக்குக் காட்டவாம். அவனுக்குத் தம்பி கிடையாது. எடுத்துக்கொண்டு போ என்றேன்.